கரடிகள் மறையும் தென்னாடு

சேலத்துக்கு வடக்கே செங்குத்தாக எழுந்து நிற்கும் சேர்வராயன் மலைமீது ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்காட்டு ஏரியில் படகேறி, லேடீஸ் சீட்டில் நின்று சமவெளியைப் பார்த்து, பகோடா முனைக்கும் ஒருமுறை போய்வந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள்; காபித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் சிறு பாதையில் கரடியூர் வரை போய், அங்குள்ள மலைவிளிம்பில் நன்றாக இருட்டும்வரை காத்திருப்பவர்கள் சிலரே. நான் அங்கே போனதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, மத்தியதரைக் கடலில் உள்ள ரோட்ஸ் தீவில் வாழ்ந்த ஹிப்பார்க்கஸ் என்னும் கிரேக்கக் கணித மேதை, தாம் ஒருநாளும் கால் வைத்திராத ஓர் அட்சரேகையில் நிற்பவனுக்கு வடக்கு ஆகாயம் எவ்வாறு காட்சி தரும் என்பதைக் கணக்கிட்டு எழுதி வைத்தார். அந்த ரேகை தமிழ்நாட்டின் வடபகுதியை, இந்த மலைக்குச் சற்று வடக்கே, குறுக்காகக் கடந்து செல்கிறது. அவர் எழுதியதை அந்த ரேகையின் சமீபத்திலேயே நின்று சொந்தக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது.

பகலும் இரவும் ஒத்திருக்கும் விஷுவ நாளை ஒட்டி, பங்குனியின் முதல் வாரத்தில், சந்திரன் இல்லாத இரவாகப் பார்த்துப் புறப்பட்டேன். கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும் பாதையில், வளைவுக்கு வளைவு காற்றின் சூடு தணிந்து, மூங்கிலும் புதரும் பின்தங்கி, சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும் முன்வந்து நின்றன. சில நாட்களுக்கு முன் பெய்திருந்த கோடைமழையின் பயனாகக் காபிச் செடிகள் கிளையெல்லாம் வெண்மையாகப் பூத்து, அந்த மணம் வண்டிக்குள்ளும் வந்து நிறைந்தது. 1820ஆம் ஆண்டில் சேலத்துக்குக் கலெக்டராக வந்த காக்பர்ன் என்பவர் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து பயிரிட்டதிலிருந்து, மலையின் முகமே மாறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினரின் தெய்வமான சேர்வராயன், கடல்மட்டத்துக்கு 5,326 அடி உயரத்தில், தாழ்ந்த குகை ஒன்றில் காவேரி அம்மனுடன் எழுந்தருளியிருக்கும் சந்நிதிதான் இன்றும் மலையின் தலைமைப் பீடம். மே மாதத் திருவிழாவில் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். பிற்பகலில் அந்தக் குகைக்குள் குனிந்து சென்று வணங்கிவிட்டுக் கரடியூர்ப் பாதையைப் பிடித்தேன்.

மலைவிளிம்பை அடைந்தபோது சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருந்தது. கீழே சமவெளி முழுவதும் ஒரே பரப்பாகக் கிடந்து, தொலைவில் மங்கி, எது நிலம், எது ஆகாயம் என்று பிரித்துச் சொல்லமுடியாத ஓர் எல்லையில் முடிந்தது. உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் கண்ணின் நேர்மட்டத்தில் இருப்பதில்லை என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பூமி உருண்டையாக இருப்பதால் அது சற்றே தாழ்ந்து விழுகிறது. சமவெளிக்கு மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்று கொண்டால், அந்தத் தாழ்வு ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது பூர்ண சந்திரனின் அகலத்தைப்போல் இரு மடங்கு. புகையும் வேறு மலைகளும் மறைக்காவிட்டால் பார்வை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அல்பெரூனி, பஞ்சாபில் நந்தனா என்னும் மலைக்கோட்டையில் நின்று, இந்தத் தாழ்வு 34 கலை (அறுபது கலை ஒரு பாகை) என்று அளந்து, அந்த ஒரு கோணத்தைக் கொண்டே பூமியின் அளவைக் கணக்கிட்டார். மலையில் நின்று சமவெளியைப் பார்ப்பது கண்ணுக்கு இன்பமளிப்பதோடு, பூமியின் உருவத்தையே பிரத்தியட்சமாகக் காண்பதும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறு வேண்டியதில்லை.

ஹிப்பார்க்கஸின் ஜீவிய சரித்திரம் மிகச் சுருக்கமானது. இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் நிக்கேயாவில் பிறந்தார்; ரோட்ஸ் தீவில் வானத்தை ஆராய்ந்தார்; கி.மு. 147 முதல் 127 வரை அவர் செய்த அவதானங்களைப் பிற்காலத்துத் தாலமி தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். அவர் இயற்றிய நூல்களில் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே; அராட்டஸ் என்னும் கவிஞரும் யூடாக்ஸஸ் என்னும் அறிஞரும் வானத்தைப் பற்றிச் சொன்னவற்றில் உள்ள பிழைகளை எடுத்துக்காட்டும் விமரிசன நூல் அது. மற்றவையெல்லாம் அழிந்தன. வட்டத்தின் கோணத்துக்கு உரிய நாணின் நீளத்தைக் கணக்கிட்டுத் தரும் முதல் அட்டவணையை அவரே செய்தார் என்பதையும், அதன் வாயிலாகத் திரிகோண கணிதம் என்னும் சாஸ்திரத்துக்கே வித்திட்டார் என்பதையும் பிறர் சொல்லித்தான் அறிகிறோம்.

அவருடைய முறைக்கு ஓர் உதாரணத்தை நம் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலையில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தில், கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இருந்தவர்கள் சூரியனை நெருப்பு வளையமாகக் கண்டார்கள். அதே வேளையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அது பிறையாகத்தான் தெரிந்தது. ஒரே சந்திரன், ஒரே சூரியன். பார்க்கும் இடம் மாறியதால் சந்திரன் சற்றே விலகித் தோன்றியது. ஹிப்பார்க்கஸ் இதே போன்றதொரு கிரகணத்தை எடுத்துக்கொண்டார். ஹெல்லஸ்பான்ட் ஜலசந்தி அருகே சூரியன் முழுவதும் மறைந்தது. அலெக்சாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்கே மறைந்தது. இந்த ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும், இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் வைத்துக்கொண்டு, சந்திரன் பூமியின் ஆரத்தைப்போல் 71 முதல் 83 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார். வேறொரு வழியில் கணக்கிட்டபோது 62 முதல் 73 மடங்கு வரை என்று வந்தது. இன்று நாம் அறிந்த சராசரி தூரம் 60 மடங்கு. தொலைநோக்கி இல்லாத காலத்தில், எட்டாத ஒரு பொருளின் தூரத்தை, முதலில் கூடியதாகவும் பிறகு நெருங்கியதாகவும் இரு வழிகளில் அளந்து, இரண்டையும் மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையை நான் அவருடைய கணிதத்துக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

அவருக்கு இந்தியாவும் ஒரு வழக்காக இருந்தது. அலெக்சாந்திரியாவின் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை ஸ்டேடியா என்னும் கிரேக்க நீள அளவில் 2,52,000 என்று வகுத்து, உலகத்தின் படம் ஒன்றையும் வரைந்திருந்தார். அந்தப் படத்தை மறுத்து ஹிப்பார்க்கஸ் மூன்று பாகங்களாக ஒரு நூல் எழுதினார். அதன் செய்திகளை ஸ்டிராபோ என்னும் பூகோள ஆசிரியர் வாயிலாகவே நாம் அறிகிறோம். ஒரு தேசம் எங்கே இருக்கிறது என்பதைப் பிரயாணிகளின் வாய்மொழியைக் கொண்டு தீர்மானிக்கலாகாது, அங்கே வானம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் கொண்டே அட்சத்தையும், கிரகண வேளைகளை ஒப்பிட்டே தீர்க்கத்தையும் நிர்ணயிக்கவேண்டும் என்பது ஹிப்பார்க்கஸின் கட்சி. அந்த விவாதத்தின் நடுவில் நம் தென்னாடு வருகிறது. சந்திரகுப்த மௌரியனின் சபையில் தூதராக இருந்த மெகஸ்தனிஸ், இந்தியாவின் தென்பகுதியில் இரண்டு கரடி மண்டலங்களும் அஸ்தமிக்கின்றன என்றும், நிழல்கள் எதிர்த்திசையில் விழுகின்றன என்றும் எழுதியிருந்தார். பிந்துசாரனிடம் தூதராக வந்த டெய்மாக்கஸ், இந்தியாவில் எங்குமே அப்படி நிகழ்வதில்லை என்று மறுத்தார். கிரேக்க நாட்டில் பிறந்தவனுக்குக் கரடி மண்டலங்கள் ஒருபோதும் மறையாமல் துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பவை. அவை அடிவானத்துக்குக் கீழே இறங்கும் தேசம் ஒன்று உண்டு என்பது அவனுக்கு நம்புவதற்கரிய விருத்தாந்தம்.

மெகஸ்தனிஸ் சொன்னதே மெய். ஏற்காட்டின் அட்சம் வடக்கே 11 பாகை 47 கலை. ஏப்ரல் 21 அளவில், சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆனதும், இங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த கோலுக்கு நிழலே இல்லாமற் போகும். அன்று தொடங்கி ஆகஸ்ட் 21 அளவு வரை நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். சூரியன் என்றுமே தலைக்குத் தெற்கே செல்லும் நாட்டிலிருந்து வந்த தூதருக்கு இது எவ்வளவு விந்தையாக இருந்திருக்கும்! நாமோ நான்கு மாதங்கள் தென்பக்கம் விழும் நம் நிழலை மிதித்துக்கொண்டே நடக்கிறோம்.

நிழலைப் பற்றிய சாட்சியைக் கணக்கில் முடித்தாயிற்று. கரடிகளைப் பற்றிய சாட்சிக்கு இருள வேண்டியிருந்தது. சூரியன் மறைந்த பிறகும் மேற்கில் வெகுநேரம் ஒளி தங்கியிருந்தது. தோட்டத்தில் காவல் பார்க்கும் முதியவர் ஒருவர் கைவிளக்குடன் வந்து, நான் ஏன் இன்னும் போகவில்லை என்று விசாரித்தார். நட்சத்திரம் பார்க்க வந்தேன் என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. "இன்னும் ஒரு நாழி பொறுத்தீங்கன்னா நல்லாத் தெரியுங்க ஐயா, கீழ இருக்கிற ஊரு வெளிச்சம் மட்டும் இல்லைன்னா இன்னும் எத்தனையோ தெரியும்" என்று சொல்லி, கைவிளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்துப் பாறையில் அமர்ந்துகொண்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சமவெளியின் மின்விளக்குகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, அடிவானத்துக்கு மேல் ஒரு மங்கலான மஞ்சள் திரையை விரித்துவருவதை இந்த மலைகளில் நின்று பார்க்கும் எவரும் காணலாம். அந்தத் திரைக்கு மேலேதான் ஹிப்பார்க்கஸின் நட்சத்திரங்களை நான் தேடவேண்டியிருந்தது.

முதலில் தெற்கே, கையை நீட்டி மடக்கிய முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டரை முறை வைத்த உயரத்தில், அகஸ்திய நட்சத்திரம் வெண்மையாகச் சுடர்விட்டது. பொதிகையின் முனிவருடைய பெயரால் நாம் வழங்கும் இதனைக் கிரேக்கர்கள் கனோபஸ் என்றார்கள். நமக்கு இத்தனை உயரத்தில் நிற்கும் அதே நட்சத்திரம் ரோட்ஸ் தீவில் தென் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் எழுந்து மறைந்துவிடும். அங்கே அதை அரிதாகவோ, அல்லது உயர்ந்த இடங்களில் நின்றோதான் காணமுடியும் என்று ஜெமினஸ் என்னும் பழைய ஆசிரியர் குறித்திருக்கிறார். ஹிப்பார்க்கஸுக்குச் சற்றுப் பின் ரோட்ஸில் வாழ்ந்த பொசிடோனியஸ், அது ரோட்ஸில் அடிவானத்தை உரசுகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48இல் ஒரு பங்கு உயருகிறது என்ற இரண்டே செய்திகளிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரோட்ஸ்காரர்கள் அகஸ்தியரைப் பார்க்க மலையேறினார்கள். நாமோ நம் வீட்டு முற்றத்திலேயே அவரைக் காணும் பாக்கியம் பெற்றவர்கள்.

பிறகு வடக்கே திரும்பினேன். அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் சற்று அதிகமுமான உயரத்தில் துருவ நட்சத்திரம் தனித்து நின்றது. துருவத்தின் உயரம் ஓர் ஊரின் அட்சத்துக்குச் சமம் என்பதால், அந்தப் பன்னிரண்டு பாகைதான் இந்த மலையின் முகவரி. வடகிழக்கில் சப்தரிஷிகள் ஏழுவரும், சங்கச் செய்யுட்கள் எழுமீன் என்று போற்றும் அதே ஏழும், வால் கீழாகத் தொங்க எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் வசிஷ்டரையும் அருகில் ஒடுங்கியிருக்கும் அருந்ததியையும் முதியவர் என்னை முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்தார். கிரேக்கர்களுக்கு அதுவே பெருங்கரடி. துருவ நட்சத்திரத்தை வால்நுனியாகக் கொண்ட சிறு கரடியின் உடலோ, அப்போதுதான் அடிவானத்து மங்கலிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது. இந்த அட்சத்தில் பெருங்கரடி முழுவதும் நாள்தோறும் அஸ்தமிக்கிறது. சிறு கரடியின் தலைப்பகுதியும் அஸ்தமிக்கிறது. வால் மட்டும் மறைவதே இல்லை.

ஹிப்பார்க்கஸ் எழுதியதோ இதற்கு நேர் விரோதம். பூமத்திய ரேகைக்கு வடக்கே 8,800 ஸ்டேடியா தூரத்தில், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில், லவங்கப்பட்டை விளையும் நாடு என்று கிரேக்கர்கள் அழைத்த தேசம் இருக்கிறது என்றும், தெற்கிலிருந்து வருகிறவனுக்குச் சிறு கரடி முழுவதும் மறையாமல் தெரியத் தொடங்கும் முதல் தேசம் அதுவே என்றும், அங்கே அக்கரடியின் வால்நுனியில் உள்ள பிரகாசமான நட்சத்திரம் அடிவானத்தைத் தொட்டுச் செல்லும் என்றும் அவர் சொன்னதாக ஸ்டிராபோ குறித்திருக்கிறார். பாகைக்கு 700 ஸ்டேடியா என்ற கணக்கில் 8,800 ஸ்டேடியாவை மாற்றினால் 12 பாகை 34 கலை வருகிறது. அதாவது, இன்று நமக்கு நிலைத்த தன்மைக்கே இலக்கணமாக விளங்கும் துருவ நட்சத்திரம், அவருடைய நாளில் துருவத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகை அளவு விலகி, மற்ற நட்சத்திரங்களைப் போலவே பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது; சிறு கரடியின் தலையே அன்று துருவத்துக்கு அதைவிட அருகில் இருந்தது. துருவ ஸ்தானத்திலேயே ஒரு நட்சத்திரம் நிற்கிறது என்று யூடாக்ஸஸ் சொன்னதை ஹிப்பார்க்கஸ் மறுத்து, அந்த இடம் வெறுமையானது, அருகில் மூன்று நட்சத்திரங்கள் உள்ளன, அவற்றோடு துருவத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதுரம் அமையும் என்று எழுதினார்.

இந்த மலைவிளிம்பில் நின்று அந்தக் கணக்கைச் செய்து பார்த்தபோது எனக்கு உண்டான ஆச்சரியத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ஹிப்பார்க்கஸின் காலத்தில், கீழே சமவெளியில் நின்ற ஓர் உழவனுக்கு இந்த நட்சத்திரம் நாள்தோறும் ஒருமுறை வட அடிவானத்தில் தாழ்ந்து, நிலத்தைத் தொட்டு, மறுபடி எழுந்திருக்கும். அதே இரவில், வடதிசை மறைவற்ற ஒரு முகட்டில் நின்ற மலைவாசிக்கோ, அடிவானம் ஒரு பாகை தாழ்ந்திருப்பதால், அது தரையைத் தொடாமலே திரும்பியிருக்கும். ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசத்தில், ஒருவனுக்கு அஸ்தமிக்கும் நட்சத்திரம், மற்றவனுக்கு அஸ்தமிக்காத நட்சத்திரம்! இன்றோ இருவருக்கும் அது அசையாமல் நிற்கிறது. அன்று மறையாதிருந்த தலை இன்று மறைகிறது. அன்று தரையைத் தொட்ட வால் இன்று உயர்ந்து நிற்கிறது. இடையில் கழிந்தவை ஏறக்குறைய 2,150 ஆண்டுகளே.

எட்டு மணி அளவில் கிழக்கே சித்திரை நட்சத்திரம் உதயமாயிற்று. ஆகாயம் முழுவதுமே இடம் பெயர்கிறது என்ற உண்மையை ஹிப்பார்க்கஸுக்கு அறிவித்தது இந்தச் சித்திரைதான். அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் டிமோக்காரிஸ் என்பவர், சித்திரை, இலையுதிர்கால விஷுவப் புள்ளிக்கு, அதாவது அந்த விஷுவ நாளில் சூரியன் நிற்கும் இடத்துக்கு, எட்டுப் பாகை மேற்கே இருப்பதாக அளந்து வைத்திருந்தார். ஹிப்பார்க்கஸ் சந்திர கிரகணங்களின் உதவியால் மறுபடி அளந்தபோது ஆறு பாகைதான் வந்தது. வேறொருவராக இருந்திருந்தால், முன்னோர் அளந்ததில் பிழை என்று இரண்டு பாகையைத் தள்ளிவிட்டுத் தம் எண்ணை நிலைநாட்டியிருப்பார். ஹிப்பார்க்கஸ் அந்தப் பழைய மனிதரை நம்பினார். இருவரும் சரியாகவே அளந்தோம் என்றால், அளவுகோலாகிய விஷுவப் புள்ளியே நகர்ந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அயன சலனம் என்று வழங்கும் அந்த நகர்வு நூறு ஆண்டுகளுக்கு ஒரு பாகைக்குக் குறையாது என்று மட்டும் வரையறுத்து, அதற்குமேல் உறுதி கூறாமல் நிறுத்திக்கொண்டார். உண்மை வேகம் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. ஆண்டின் நீளத்தையும் அவர் இவ்வாறே, அரிஸ்டார்க்கஸ் கி.மு. 280இல் கண்ட கோடை அயனத்தைத் தாம் கி.மு. 135இல் கண்டதோடு ஒப்பிட்டு, 365 நாளும் கால் நாளும் சேர்ந்ததில் 300இல் ஒரு நாள் குறைவு என்று கணித்தார். இதில் உள்ள பிழை ஆறரை நிமிஷந்தான். தனி ஒரு மனிதனின் ஆயுளில் அடங்காத இயக்கங்களை, இறந்துபோனவர்களின் ஏடுகளைத் தம் கண்களாக ஆக்கிக்கொண்டு அவர் கண்டார் என்பதே அவருடைய வாழ்க்கையில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம்.

தமக்குப் பின் வருகிறவர்களுக்கும் அந்த உதவியை அவர் மறக்கவில்லை. வானத்தில் புதிய நட்சத்திரம் ஒன்று தோன்றக் கண்டு, நட்சத்திரங்கள் பிறக்கின்றனவா, அழிகின்றனவா, நகர்கின்றனவா என்பதை வருங்காலத்தார் அறியும் பொருட்டு, அவற்றின் ஸ்தானங்களையும் பிரகாசத்தையும் அட்டவணைப்படுத்தினார் என்று பிளினி என்னும் ரோமானியர் எழுதியிருக்கிறார். அந்த அட்டவணை நூற்றாண்டுகளாகக் காணாமற்போயிருந்தது. சீனாய் மலையடிவாரத்துப் புனித காத்தரின் மடத்தில் இருந்த பழைய தோல் ஏடு ஒன்றில், முதலில் எழுதிய கிரேக்க எழுத்தைச் சுரண்டி அழித்து, அதன்மேல் சிரிய மொழியில் சமய நூல் எழுதப்பட்டிருந்தது. பல நிற ஒளிகளில் அந்த ஏட்டைப் படம் பிடித்து ஆராய்ந்த அறிஞர்கள், அழிக்கப்பட்ட அடியெழுத்தில் வடமகுட மண்டலத்தின் அளவுகள் இருப்பதை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்த எண்கள் யாருடையவை என்று அறிய உதவியது அயன சலனமே: கி.மு. 129 அளவில் வானம் இருந்த நிலையோடு அவை ஒரு பாகைக்குள் பொருந்தின. ஹிப்பார்க்கஸ் கண்டுபிடித்த இயக்கமே அவருடைய எண்களுக்குச் சாட்சி சொல்லிற்று. செல்லரித்த சுவடிகளிலிருந்து நூல்களை மீட்டெடுத்தவர்களை ஆராதிக்கும் தமிழர்களுக்கு இந்தச் செய்தியின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

அதே சித்திரை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியையும் ஆளுகிறது. நான் மலையில் இருந்தது விஷுவ நாளை ஒட்டிய பங்குனி ஏழாம் தேதி அளவில். தமிழ்ப் புத்தாண்டுக்கு இன்னும் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தது. மேகநாத் சாஹா தலைமையில் 1952இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஏற்றுக்கொண்ட முறைப்படி, சித்திரைக்கு நேர் எதிரே உள்ள புள்ளிதான் மேஷ ராசியின் தொடக்கம். சூரியன் அங்கே வந்து சேர்வது ஏப்ரல் 14ஆம் தேதியை ஒட்டி. கி.பி. 285 அளவில் அந்தப் புள்ளியும் விஷுவப் புள்ளியும் ஒன்றாக இருந்தன. டிமோக்காரிஸுக்கு மேற்கே எட்டு, ஹிப்பார்க்கஸுக்கு ஆறு, பிறகு பூஜ்யம், இன்று கிழக்கே 24 பாகை: இந்த ஒரு நட்சத்திரம் விஷுவப் புள்ளியைக் கடந்து சென்றிருக்கும் தூரந்தான் மார்ச் 21க்கும் ஏப்ரல் 14க்கும் இடையில் நம் பஞ்சாங்கத்தில் கிடக்கும் இடைவெளி. புத்தாண்டு என்று வரவேண்டும் என்ற வாதங்களில் நான் இறங்கவில்லை. ஆனால் அவ்வாதம் செய்கிறவர்கள் ஒருமுறையேனும் பங்குனி இரவில் சித்திரை உதயமாவதைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும் என்பது என் விருப்பம்.

கிரேக்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் இதைவிட நெருங்கிய உறவும் உண்டு. புதுச்சேரியில் 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, மேகம் மூடியதால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீய், அங்கிருந்த தமிழ்க் கணிதர்களிடம் கிரகண கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடிதான் தவறியது என்றும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 விநாடி தவறியது என்றும் அவர் கண்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், சென்னை வான்நோக்கு நிலையத்தில் முன்பு பணி செய்தவரான வாரன் என்பவர், புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டும், தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டும், 1825ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டு, தம் காலசங்கலிதம் என்னும் நூலில் வெளியிட்டார். காகிதத்தில் ஓர் எண்ணும் எழுதப்படவில்லை.

அந்தக் கணக்கின் உயிர்நிலை 248 நாள் என்னும் சக்கரம். பூமிக்கு அண்மையிலிருந்து புறப்பட்ட சந்திரன், மறுபடி அண்மைக்கு வருவதை ஒன்பது முறை செய்து முடிக்க அத்தனை நாள் ஆகும். நாளுக்கு ஒன்றாக, வரருசி என்பவர் இயற்றியதாக வழங்கும் 248 வாக்கியங்கள் சந்திரனின் இடத்தைச் சொல்லிவிடும். விஞ்ஞான சரித்திர ஆசிரியர் நாய்கபவர் 1952இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்தத் தமிழ் முறையின் வேர்கள் பாபிலோனியாவின் எண்கணித வானியலோடும், அதைத் தழுவிய கிரேக்க உலகத்தோடும் இணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஹிப்பார்க்கஸும் சந்திரனின் மாத அளவைப் பாபிலோனியரிடமிருந்தே பெற்று, தம் கிரகண அவதானங்களால் சோதித்து ஏற்றவர். யூப்ரட்டீஸ் நதிக்கரையில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட ஒரு வித்தை, ஒரு கிளையில் ரோட்ஸ் தீவின் ஜியோமிதியாகவும், மற்றொரு கிளையில் புதுச்சேரித் திண்ணையின் சோழிகளாகவும் தழைத்தது என்று நினைக்கும்போது, யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் குறைந்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் அதை வாய்மொழியாகக் காத்த பெயர் தெரியாத கணிதர்களின்மீது பக்தியே மிகுகிறது.

சென்னை வான்நோக்கு நிலையத்துக்கு ஹிப்பார்க்கஸின் மரபில் வேறொரு பாத்தியமும் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பிரகாசத்தின்படி ஆறு தரமாக வகுக்கும் பழைய வழக்குக்கு, முதல் தரம் ஆறாம் தரத்தைப்போல் நூறு மடங்கு ஒளியுள்ளது என்று 1856இல் கணித வரையறை தந்த நார்மன் போக்சன், 1861இல் சென்னைக்கு வந்து, 1891இல் இறக்கும்வரை இங்கேயே பணி செய்தார். அவருடைய உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். வாக்கியங்களை மட்டும் நம்பாமல் கண்ணால் கண்ட வானத்தோடு பஞ்சாங்கத்தைப் பொருத்தவேண்டும் என்று வாதாடினார். யூடாக்ஸஸின் வானத்தைத் திருத்திய ரோட்ஸ்காரர் இவரைக் கண்டிருந்தால் தம் சிஷ்யர் என்று தழுவிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் குப்பனூர்ப் பாதை வழியே மலையிறங்கி, அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் கடந்து, ஆலங்காயத்துக்கு அப்பால் ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குச் சென்றேன். 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்தக் காட்டிடத்தில், அவருடைய பெயரையே தாங்கிய வான்நோக்கு நிலையம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே தொடங்கி வைக்கப்பட்டது. 1988இல் இங்கே கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். சந்தன மரங்களும் புதர்களும் அடர்ந்த அந்த மேட்டின் அட்சம் 12 பாகை 34 கலை. சிறு கரடியின் வால் அடிவானத்தைத் தொடும் என்று ஹிப்பார்க்கஸ் சொன்ன 8,800 ஸ்டேடியா ரேகை, கலை சுத்தமாக, இந்தத் தொலைநோக்கிகளின் மேலேதான் செல்கிறது. இடத்தைத் தேர்ந்தவர்கள் மேகமும் காற்றும் விளக்கொளியும் குறைந்த மலையைத் தேடினார்களே ஒழிய, இந்த ரேகையைத் தேடவில்லை.

வான அட்டவணைகளில் ஒரு நட்சத்திரத்தின் ஸ்தானத்தைக் குறிக்கும்போது, அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் சேர்த்தே குறிப்பார்கள். முன்பு 1950ஆம் ஆண்டுக்கு உரிய எண்கள் வழங்கின, இப்போது 2000ஆம் ஆண்டுக்கு உரியவை வழங்குகின்றன. அந்த எண்ணை அப்படியே கொடுத்துத் தொலைநோக்கியைத் திருப்பினால் அது குறி தவறிவிடும். அந்த ஆண்டிலிருந்து இன்றிரவு வரை விஷுவப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, அந்தத் திருத்தத்தைச் சேர்த்த பிறகே, காவலூரில் ஒவ்வொரு மாலையும், பெரிய கண்ணாடி தனக்குரிய நட்சத்திரத்தை நோக்கித் திரும்புகிறது.